சனிக்கிழமைப் படங்கள்

அருள்மேரிக்கு நாற்பத்தோராவது வயதில் சர்க்கரை வந்தது. தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க அடுத்தவர்களின் நெஞ்சையும் முழங்காலையும் படம் பிடித்துக்கொண்டிருந்தவள், தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கப் பல வருஷம் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய எடை எண்பத்தாறு கிலோ. டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, மாத்திரை பாதி, நடை பாதி என்றார்.

விடிகாலையில் தெருவில் நடந்து பார்த்தாள். லூர்து நகர் மூன்றாவது தெருவில் அந்த நேரத்துக்கு எட்டு நாய்கள் இருந்தன. நாய்களையாவது சமாளித்துவிடலாம். ஒவ்வொரு வாசலிலும் நின்று என்ன உடம்புக்கு என்று விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும். ஒரு வாரத்தில் வெறுத்துப்போனாள். அப்போதுதான் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மொட்டைக்குன்றின் நினைவு வந்தது. பெயருக்கேற்ற குன்றுதான். கீழே கள்ளியும் காரைப்புதரும், பாதிக்கு மேல் வெறும் பாறை. ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். வேலைநாளில் அது நடக்காது. மற்ற நாட்களில் சென்டரின் மாடிப்படிகளை ஏறி இறங்குவது, சனிக்கிழமை காலையில் குன்று என்று முடிவுசெய்தாள்.

அவள் கணவன் யேசுதாசன், கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் வாய் சும்மா இருக்காது. பாதி வழியில் உட்கார்ந்து எழுந்து வந்து உச்சிக்குப் போனதாகச் சொல்வாள் என்று தெருவெல்லாம் கேட்கும்படி சிரித்தான். கீழ்க்கட்டளையில் இருக்கும் அவள் தங்கை ஷீலாவும் குடும்ப வாட்ஸப் குழுவில் அதற்கு ஒத்து ஊதினாள். அருள்மேரிக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் சனிக்கிழமை மூன்று இடத்தில் உட்கார்ந்து, ஒரு இடத்தில் அழுகிற மாதிரி ஆகி, எப்படியோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தவள், போனதற்கு அத்தாட்சியாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். படம் எடுத்துக் கொடுக்க அங்கே ஆள் இல்லை. உச்சிப் பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. போனை அதில் செருகினால் ஆடாமல் அசையாமல் நின்றது. பத்து விநாடி டைமர் வைத்து ஓடிப்போய் எதிர்ப்பாறையில் நின்றாள். மூச்சு வாங்கியபடி, புடவைத் தலைப்பு பறக்க, பின்னால் ஊரே தெரிய, அவளுடைய முதல் படம் விழுந்தது.

அது இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜனவரி. அதன் பிறகு சனிக்கிழமை தவறினால் அவளுக்கு உடம்பு என்னவோ செய்தது. காய்ச்சல், கல்யாணம், கொரோனா அடைப்பு என்று விட்டுப்போனவை போக, ஆறு வருஷத்தில் இருநூற்று முப்பதுக்கு மேல் படங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் அதே வெடிப்பிலிருந்து எடுத்தவை. எக்ஸ்ரே எடுக்கிறவளின் பழக்கம் அது. போன தடவை எங்கே நிறுத்தினோமோ இந்தத் தடவையும் ஆளை அங்கேயேதான் நிறுத்த வேண்டும், தூரமும் கோணமும் மாறக் கூடாது. யாரும் கேட்காமலே அவள் அந்த ஒழுங்கைக் குன்றின் உச்சியிலும் கடைப்பிடித்தாள். படத்தின் இடப்பக்கம் அவள். வலப்பக்கம் மாதா கோயில் கோபுரம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, மூன்று பனைமரங்கள், அதற்கப்பால் சித்தேரி. வானம் தெளிவாக இருக்கும் நாளில் தூரத்தில் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகள் வெள்ளையாகத் தெரியும்.

குடும்பக் குழுவில் முதலில் கேலி செய்தவர்கள் பிறகு கட்டைவிரலைக் காட்டினார்கள், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. எடை அறுபத்தெட்டுக்கு வந்தது. மூன்றாவது வருஷம் எங்கேயும் உட்காராமல் ஏறினாள்.

மிக்ஜாம் புயல் அடித்த டிசம்பரில் லூர்து நகருக்குள் தண்ணீர் வந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாசல்படியைத் தொட்டது, எட்டு மணிக்கு இடுப்பளவு ஆனது. பதினைந்து வருஷமாக அந்தத் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதில்லை. அருள்மேரியின் வீட்டுக் குளிர்பெட்டி மிதக்க ஆரம்பித்தபோது எதிர்வீட்டு மாணிக்கவேல் கேட்காமலே உள்ளே வந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், தெருச் சங்கத்துக்குச் செயலாளர். அந்தப் பெட்டியை அவரும் யேசுதாசனும் ஆளுக்கொரு பக்கம் தோளில் வைத்து மாடிக்கு ஏற்றினார்கள். அவர் மனைவி காந்தா தன் வீட்டு மாடியில் மூன்று நாள் எட்டுக் குடும்பத்துக்குக் கஞ்சி காய்ச்சினாள்.

ஏரி உடைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தண்ணீர் வடிந்த பிறகு யேசுதாசன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சித்தேரி பாதிகூட நிறையவில்லை என்றான். கரை கல் மாதிரி அப்படியே இருந்தது. அப்படியானால் வந்தது எங்கிருந்து? தெருவுக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், பெய்த மழை அப்படி, யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் நிவாரண மனுவுக்காக நனைந்த சாமான்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அருள்மேரியின் போனில் இடம் தீர்ந்துவிட்டது. பழையதை அழித்தால்தான் புதியது ஏறும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற குன்றுப் படங்கள்தானே, வருஷத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்க ஆறு வருஷத்துப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள். முதலில் தன் இடுப்பைத்தான் பார்த்தாள், அதில் ஒரு சந்தோஷம். இரண்டாவது தடவை தள்ளியபோது அவள் கண் தன் தோளுக்குப் பின்னால் போனது.

குன்றின் அடிவாரத்திலிருந்து ஒரு பச்சைக் கோடு வளைந்து வளைந்து, இரண்டாவது பனைக்கும் மூன்றாவது பனைக்கும் நடுவே புகுந்து, தெருமுனைச் சிறுபாலத்தின் அடியில் நுழைந்து சித்தேரி வரை போனது. அவளுக்குத் தெரிந்த இடம்தான். வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்த பள்ளம். முள்ளுக்காடு என்று சொல்வார்கள். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூனில் மூன்றாவது பனையைக் காணோம். செப்டம்பரில் பச்சைக் கோட்டின் பாதி செம்மண். இருபத்து மூன்று மார்ச்சில் செம்மண்ணுக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். அதுதான் பொன்முகில் அவென்யூ. குன்றடியில் மனை போட்டு விற்றவர்கள் அந்தப் பள்ளத்தை மேடாக்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, தார் ரோடும் போட்டிருந்தார்கள். அப்போது தெருவில் யாரும் வருத்தப்படவில்லை. பாம்பு வருவது நின்றது என்று அருள்மேரியும் சந்தோஷப்பட்டவள்தான்.

பிறகு அவள் இருபதாம் வருஷத்து நவம்பரின் கடைசி சனிக்கிழமைக்குப் போனாள். நிவர் புயல் கடந்த மூன்றாம் நாள். அந்தப் படத்தில் பச்சைக் கோடு இல்லை. அதே வளைவில், அதே இடத்தில், வெள்ளிக் கம்பி மாதிரி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அவர்கள் தெருவில் செருப்புக்கூட நனையவில்லை.

அவள் ஒரு படத்தையும் அழிக்கவில்லை. தங்கை வீட்டிலிருந்து பென்டிரைவ் வாங்கி வந்து எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்துவைத்தாள்.

மறுநாள் மாலை போனை எடுத்துக்கொண்டு அவள் முதலில் போனது மாணிக்கவேல் வீட்டுக்கு. தெருச் செயலாளர் என்ற முறையில் அவர்தான் மனு எழுத வேண்டியவர். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் இருண்டுகொண்டே வந்தது. காந்தா காபி டம்ளரோடு வந்து கதவருகே நின்றுவிட்டாள். அருள்மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. பொன்முகில் அவென்யூவில் பதினேழாம் நம்பர் மனை மாணிக்கவேலுடையது. இருபத்தைந்து வருஷம் கண் எரிய எரிய வெல்டிங் அடித்துச் சேர்த்ததில் வாங்கியது. அந்த மனைப்பிரிவின் பெரிய இரும்புக் கேட்டைச் செய்து மாட்டியதும் அவர்தான்.

மாணிக்கவேல் கத்தவில்லை. போனை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"தோ பாரும்மா மேரி. உன் படத்துல இன்னா கீதோ எனக்குத் தெரியாது. அங்க கால்வா இருந்துச்சின்னு நீ போய் சொன்னா, என் பொண்ணுக்குன்னு வாங்கிப்போட்ட எடம் போயிடும். சங்கத்து லெட்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வீட்டுக்கு வந்து அருள்மேரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரில் இறங்கி வந்து தன் சாமானைத் தூக்கியவரின் நிலத்தைப் பிடுங்குவதா? பேசாமல் விட்டால் அடுத்த மழைக்குத் தெருவே மறுபடி மிதக்கும். கடைக்கோடி வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஏசுபாதத்தைப் போன தடவை கதவுப் பலகையில் கிடத்தித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். யேசுதாசன் அந்த முறை கேலி எதுவும் பேசவில்லை. யார் மேலும் கோபமில்லாமல் உண்மையைச் சொன்னால் தப்பில்லை, ஆனால் மாணிக்கவேல் அண்ணனுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதே என்று மட்டும் சொன்னான்.

அப்படியே செய்தாள். மனுவைத் தன் பெயரில் எழுதி, கொடுப்பதற்கு முன் ஒரு பிரதியை எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாணிக்கவேல் வாங்கவில்லை. காந்தா வாங்கிக்கொண்டாள்.

வட்டாட்சியர் வினிதா அந்தப் பதவிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். மனுவையும் போனையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். கணக்குப்படி அந்த இடம் பட்டா நிலம். பழைய கிராம வரைபடத்தில் சரியாக அந்த இடத்தில் தாள் மடிந்து கிழிந்திருந்தது. பக்கத்தில் நின்ற நில அளவர் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இதில் அம்மாதான் பெரிசாகத் தெரிகிறார்கள், கால்வாய் எங்கே தெரிகிறது என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அருள்மேரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மேடம், நான் எக்ஸ்ரே எடுக்கறவ. ஒரு ஃபிலிமைப் பார்த்து எந்த டாக்டரும் முடிவா சொல்ல மாட்டாங்க. ஆறு மாசம் முன்னாடி எடுத்ததைப் பக்கத்துல வெச்சாதான் எது புதுசுன்னு தெரியும். என்கிட்ட ஆறு வருஷத்துது இருக்கு. எல்லாம் ஒரே எடத்துல இருந்து எடுத்தது. நீங்க ஒரே ஒரு தடவை மேல வந்து, அந்த எடத்துல நின்னு பாருங்க. அதுக்கப்புறம் இல்லைன்னு சொன்னா நான் போயிடறேன்."

வினிதா மேஜைக் காலண்டரைப் புரட்டிவிட்டு, வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு என்றார்.

அந்தச் சனிக்கிழமை குன்றடியில் நில அளவரோடு வட்டாட்சியர் வந்து இறங்கியபோது தெருக்காரர்கள் பத்துப் பேர் காத்திருந்தார்கள். சற்றுத் தள்ளி, யாரோடும் பேசாமல், மாணிக்கவேலும் காந்தாவும் நின்றிருந்தார்கள். அவர் வரமாட்டேன் என்றுதான் இருந்தாராம். நம்ம இடத்தைப் பற்றிப் பேசப்போகிறார்கள், நாம் போகாமல் எப்படி என்று காந்தாதான் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

அருள்மேரி முன்னால் ஏறினாள். எந்தக் கல் ஆடும், எந்தப் புதரைப் பிடித்தால் முள் குத்தும், எங்கே கால் வைத்தால் சறுக்காது என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனாள். பாதி வழியில் வினிதா இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். நில அளவர் உட்கார்ந்தே விட்டார். முதல் நாள் தான் அழுதது அதே இடத்தில்தான் என்று அருள்மேரி சொன்னதும் வினிதா சிரித்துவிட்டு மறுபடி ஏறத் தொடங்கினார். பெரிய அதிகாரிகளையும் பெரிய பட்டறைக்காரரையும் பின்னால் மூச்சிரைக்க விட்டுவிட்டு உச்சியில் முதலில் காலை வைத்தபோது அருள்மேரிக்கு உள்ளூர ஒரு கர்வம் வரத்தான் செய்தது.

தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு படங்களைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தாள். பாறைமேல் வருஷ வரிசையில் விரித்து, காற்றில் பறக்காமல் ஓரங்களில் கல்லை வைத்தாள். பிறகு போனை வெடிப்பில் செருகி, இந்த முறை தான் போய் நிற்காமல் ஒரு படம் எடுத்து, அதை வினிதாவின் கையில் கொடுத்தாள். கோபுரத்தின் மேல் கோபுரம், தொட்டியின் மேல் தொட்டி, இரண்டு பனைமேல் இரண்டு பனை. எல்லாம் அதனதன் இடத்தில் அப்படியே பொருந்தின. பொருந்தாதது ஒன்றுதான். வினிதா படத்தைப் பார்ப்பார், தலையைத் தூக்கிக் கீழே பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். குன்றின் இரண்டு சரிவும் சேரும் மடிப்பிலிருந்து தண்ணீர் எந்த வழியில் இறங்க வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வழியின் கழுத்தில் சுவர் நின்றது. சுவரில் முட்டிய தண்ணீர் திரும்பினால் நேராக மூன்றாவது தெரு.

மாணிக்கவேல் கடைசியாக வந்து குனிந்தார். கீழே மனைப்பிரிவில் தன் மனையைத் தேடினார். சாமான் போட்டுவைக்க அவர் கட்டியிருந்த நீலத் தகரக் கொட்டகை அடையாளமாகத் தெரிந்தது. அங்கிருந்து விரலை எடுத்து, நிவர் புயலுக்குப் பிறகு எடுத்த அந்த நவம்பர் படத்தின்மேல் வைத்தார். விரல் வெள்ளிக் கோட்டின் நட்டநடுவில் நின்றது. கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"தண்ணிக்குள்ளதான் கல்லு நட்டு வெச்சிக்கினு கீறேன்," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அருள்மேரி பக்கத்தில் போய், அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க என்றாள். அவர் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நில அளவர் ஒப்புக்கொண்டார். ஆனால் படத்தை மட்டும் வைத்து உத்தரவு போட முடியாது, பழைய காகிதம் ஏதாவது ஒன்று அதே விஷயத்தைச் சொன்னால் போதும் என்றார். கால்வாய் என்று எங்கேயாவது ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்திருந்த மாணிக்கவேல்தான் தலையைத் தூக்கினார்.

"மனை வாங்கறச்சே தாய்ப்பத்திரம் ஒண்ணு குடுத்தாங்க. அந்தக் காலத்து எழுத்து. வக்கீல் படிச்சாரு, நான் படிக்கல. அதுல நாலு எல்லையும் எழுதியிருப்பாங்க இல்ல?"

அன்று கூட்டம் இறங்கிய வேகத்தில் அதற்கு முன் மொட்டைக்குன்றில் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். மாணிக்கவேல் வீட்டுக் கூடத்தில் வட்டாட்சியர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார, காந்தா பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து உறையை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் வருஷத்துப் பத்திரம். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. அவர் அதைப் பிரித்து, விரலால் வரியைத் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றார். அப்போதும் அவர் அதை மடித்து உள்ளே வைத்திருக்கலாம். அந்தக் கூடத்தில் யாரும் அவர் கையிலிருந்து பிடுங்கியிருக்கப் போவதில்லை.

"படி," என்றாள் காந்தா. "எல்லாருக்கும் கேக்கறா மாதிரி படி."

மாணிக்கவேல் படித்தார். கிழக்கே இன்னார் புன்செய், தெற்கே வண்டிப்பாதை, மேற்கே குன்று, வடக்கே மலையிலிருந்து சித்தேரிக்குப் போகும் மழைத்தண்ணீர்க் கால்வாய். கடைசிச் சொல்லை இரண்டு தடவை படித்தார்.

நிலத்தின் வடக்கு எல்லையே கால்வாய் என்றால் கால்வாய் அந்த நிலத்தைச் சேர்ந்தது இல்லை. மனை போட்டவர்கள் எல்லையைத் தாண்டிக் கால்வாயையும் சேர்த்து அளந்து, பதினைந்தாம் நம்பரிலிருந்து இருபத்தொன்று வரை ஏழு மனைகளை அதன்மேலேயே போட்டு விற்றிருந்தார்கள். வினிதா பத்திரத்தை அங்கேயே படம் எடுத்துக்கொண்டார்.

அதோடு முடிந்துவிடவில்லை. பொன்முகில்காரர்கள் வக்கீல் வைத்தார்கள். மே மாதம் கோட்டாட்சியர் முன்னால் விசாரணை நடந்தது. வக்கீல் கெட்டிக்காரர். பத்திரத்தில் சொன்ன கால்வாய் எப்போதோ தூர்ந்து போனது, சமீபத்தில் தண்ணீர் ஓடியதாகக் காட்டும் படம் போலி, போனில் தேதியை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார். கோட்டாட்சியர் அருள்மேரியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். மாதா கோயிலுக்கு வண்ணம் அடிக்கச் சாரம் கட்டிய வருஷத்தைப் படத்தில் காட்டினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் புது ஏணி வைத்த மாதத்தைக் காட்டினாள். வக்கீல் எதற்கும் அசையவில்லை. அதையும் கம்ப்யூட்டரில் செய்யலாம் என்றார். அருள்மேரி கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். சர்க்கரை டாக்டரிடம் மாதாமாதம் எடை பார்த்து எழுதி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த நோட்டு.

"தேதிய மாத்தலாம் சார். ஒத்துக்கறேன். ஒவ்வொரு படத்துலயும் முன்னாடி நிக்கறது நான். இதுல எண்பத்தாறு கிலோ, இதுல எண்பத்து ரெண்டு, தண்ணி ஓடற படத்துல எழுபத்தஞ்சு, சுவர் வந்த படத்துல அறுபத்தொன்பது. இந்த நோட்டும் படமும் மாசத்துக்கு மாசம் ஒத்துப்போகுதான்னு நீங்களே பாருங்க. நாளைக்கு ஒரு கால்வாய் தேவைப்படும்னு ஆறு வருஷம் முன்னாடியே திட்டம் போட்டு நான் இளைக்கலை."

கோட்டாட்சியர் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் தெருக்காரர்கள் அடக்கவில்லை. வக்கீல் நோட்டை வாங்கி நான்கு பக்கம் புரட்டினார், பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்ததாக மாணிக்கவேல் கூப்பிடப்பட்டார். தன் மனை கால்வாய் மேல்தான் இருக்கிறது, அதைத் தன் கண்ணால் மேலேயிருந்து பார்த்தேன் என்று சாட்சி சொன்னார். மனையை இழக்கப்போகிறவரே சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தில் பேச அதிகம் மிச்சமில்லை.

ஜூலையில் உத்தரவு வந்தது. கால்வாய் அளந்து மீட்கப்பட வேண்டும், சுவர் அகற்றப்பட வேண்டும், அந்த ஏழு மனைக்காரர்களுக்கும் தெற்குப் பக்கம் விற்காமல் வைத்திருந்த மனைகளைப் பதிவுசெய்து கொடுக்க வேண்டும். மாணிக்கவேலுக்குக் கிடைத்தது முப்பத்து மூன்றாம் நம்பர். பழையதைவிட மேடு.

ஜேசிபி வந்த அன்று தெருவே வேலைக்கு லீவு போட்டது. சுவரின் நடுவில் நின்ற இரும்புக் கேட்டை ஜேசிபிக்காரர் பிய்த்துப்போடப் பார்த்தார். மாணிக்கவேல் கையைக் காட்டி நிறுத்தினார். கேஸ் கட்டரை எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் வைத்த வெல்டிங் பற்றைத் தானே ஒவ்வொன்றாக அறுத்தார். கேட் மண்ணில் சாய்ந்ததும் பெண்கள் கைதட்டினார்கள். பிறகு வண்டி சுவரில் முட்டியது. அது விழுந்த சத்தம் மாதா கோயில் வரை கேட்டதாக ஃபாதர் பிறகு சொன்னார். இரண்டு வாரத்தில் முள்ளும் மண்ணும் எடுத்து, சிறுபாலத்தின் அடைப்பை நீக்கி, குன்றிலிருந்து ஏரி வரை ஆளுயர ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி முடித்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் அருள்மேரியின் பின்னால் பதின்மூன்று பேர் குன்று ஏறினார்கள். யேசுதாசன் மட்டும் மூன்று இடத்தில் உட்கார்ந்தான்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. வெள்ளி இரவு தொடங்கிய மழை சனிக்கிழமை முழுக்க விடவில்லை. தெருவில் பாதிப்பேர் சாமான்களைக் கட்டிலுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். ஏசுபாதத்தை முன்கூட்டியே மாணிக்கவேல் வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். உத்தரவும் படமும் ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீர் வந்து பார்த்தால்தானே தெரியும். அருள்மேரி தான் சொன்னது தப்பாக இருந்தால் இத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஜபமாலையை உருட்டியபடியே இருந்தாள்.

ஞாயிறு காலை மழை கொஞ்சம் விட்டது. கதவைத் திறந்தாள். வாசல் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. மாணிக்கவேலும் தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் தெருமுனைப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். பாதி தூரம் போனதும் நடை ஓட்டமாகிவிட்டது.

சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு பார்த்தார்கள். குன்றிலிருந்து இறங்கிய செந்தண்ணீர், கரைக்கு ஒரு முழம் கீழே, நுரைத்துக்கொண்டு, சுள்ளியையும் சருகையும் புரட்டிக்கொண்டு, பாலத்தின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறி ஏரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூடத் தெருப்பக்கம் திரும்பவில்லை. ஐந்து நிமிடத்தில் மூன்றாவது தெரு மொத்தமும் குடையோடு அங்கே வந்துவிட்டது. யாரோ குலவையிட்டார்கள். காந்தா அருள்மேரியைக் கட்டிக்கொண்டாள். மாணிக்கவேல் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போ போ என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் வழிந்தது மழைத் தூறலா வேறா என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது அருள்மேரியின் போன் அடித்தது. வட்டாட்சியர் வினிதா. விடிந்ததிலிருந்து வெள்ள வேலையில் அலைந்துகொண்டிருந்தவர். தொண்டை கட்டியிருந்தது.

"மேரிம்மா, உங்க தெருவுக்கு வண்டி அனுப்பணுமா? தண்ணி எவ்வளவு வந்திருக்கு?"

அருள்மேரி கேளுங்க மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பாலத்தின் மேல் குனிந்து, போனைக் கால்வாய்க்கு நேராகக் கை நீட்டிப் பிடித்தாள். தண்ணீர் கல்லில் மோதி இரைந்தபடி ஓடியது. அந்தப் பக்கம் வினிதா இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவ்வளவு வேலைக்கு நடுவிலும் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.